சளி பிடிக்காது, கிளி பிடிக்கும்

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது அலங்காநல்லூருக்குப் போயிருந்தேன். ஒரு தோட்டத்தில் காளைக்கு மண் குத்தப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஈர மண்ணைக் குவித்துவைத்து, அதைக் கொம்பால் குத்திக் கிளறவிடுகிற பயிற்சி. காளை ஒரு குத்துக் குத்தினால் மண்கட்டி எங்கள் தலைமேல் வந்து விழும். பக்கத்தில் கரும்புத் தோகைக் குவியலின் மேல் ஆறு பிள்ளைகள், ஆளுக்கொரு கரும்புத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை எது?"

"லீவு" என்றான் ஒருவன். யோசிக்கவே இல்லை. "பரோட்டா" என்றான் அடுத்தவன். "வாடிவாசல்." "திமிலு." ஒரு பொடியன் "அம்மா" என்று சொல்ல, "நல்ல பேரு வாங்குறான் பாரு" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியாக, ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு சிறுமி கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "செவல."

செவலை என்றால் செம்பழுப்பு. மண்ணைக் குத்திக்கொண்டிருந்த காளையின் நிறமும் அதுதான், பேரும் அதுதான். மாட்டின் நிறத்துக்கென்றே நம்மிடம் தனிச் சொற்கள் உண்டு. கறுப்பு மாடு காரி. சாம்பல் பூத்த வெள்ளை மயிலை. திட்டுத் திட்டாக இருந்தால் மறை. சட்டைக்கும் சுவருக்கும் யாரும் இந்த வார்த்தைகளைச் சொல்வதில்லை.

"செவல ஏன் பிடிக்கும்?"

"சொல்லிப் பாருங்க மாமா. வாய்க்கே நல்லாருக்கு."

சொல்லிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. ஆனால் ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. அந்த வார்த்தை வாய்க்குச் சுகமாக இருப்பதால் அவளுக்குப் பிடிக்கிறதா, இல்லை அந்தக் காளையைப் பிடித்திருப்பதால் வார்த்தையே சுகமாகிவிட்டதா?

இதற்கு அறிவியலில் பதில் தேடினால், முதலில் மண்ணில் படம் போட வேண்டும். நான் போட்டேன். குச்சியால் ஒரு உருவம், நெருஞ்சி முள் மாதிரி நாலா பக்கமும் கூர் கூராக. பக்கத்தில் இன்னொன்று, தோசைக்கல்லில் கோணலாக ஊற்றிய மாவு மாதிரி வளைந்து வளைந்து. "இதுல ஒண்ணு பேரு கீக்கி. இன்னொண்ணு பேரு பூபா. எது எது?"

ஆறு பேரும் முள்ளைக் காட்டிக் "கீக்கி!" என்று கத்தினார்கள். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. கீக்கி, பூபா என்று எந்த மொழியிலும் ஒரு பொருளைப் பற்றி அவர்கள் கேட்டதும் இல்லை. நீங்களும் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த விளையாட்டுக்கு வயது நூறை நெருங்குகிறது. வொல்ஃப்காங் கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1929-ல் தம் புத்தகத்தில் இப்படி இரண்டு உருவம் போட்டு, ‘டக்கேட்டே’, ‘பலூபா’ என்று இரண்டு பேரும் கொடுத்து, எதற்கு எது பொருந்தும் என்று கேட்டார். பிற்பாடு பலூபாவை மலூமா என்று மாற்றினார். அதைக் கீக்கி, பூபா ஆக்கியவர் நம்ம ஊர்க்காரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்காவில் மூளையை ஆராயப் போன வி.எஸ். ராமச்சந்திரன். அவரும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001-ல் இதை எழுதினார்கள். அமெரிக்க மாணவர்களிடம் மட்டுமல்ல, தமிழ் பேசுகிறவர்களிடமும் கேட்டுப் பார்த்தார் ராமச்சந்திரன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் முள்ளுக்குத்தான் கீக்கி என்றார்கள்.

‘எழுத்தின் வடிவத்தைப் பார்த்துச் சொல்கிறார்களோ?’ என்று ஒரு கேள்வி எழுந்தது. நல்ல கேள்விதான். ஆங்கிலத்தில் கீக்கியின் எழுத்தும் கூராக இருக்கும், பூபாவின் எழுத்தும் உருண்டையாக இருக்கும். அதனால் ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் இருக்கும் ஹிம்பா மக்களிடம் போனார்கள். அவர்கள் மாடு வளர்ப்பவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஹிம்பாக்களும் முள்ளுக்குக் கீக்கியைத்தான் கொடுத்தார்கள். பிறகு 25 மொழிகள் பேசுகிறவர்களிடம் ஒரு பெரிய சோதனை நடந்து, 2022-ல் அச்சில் வந்தது. அதில் நூற்றுக்கு 72 பேர் நம் பிள்ளைகள் கட்சி. எல்லோரும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ஏன் இப்படி? பூபா என்று மெதுவாகச் சொல்லுங்கள். உதடு குவிந்து உருண்டை ஆகிறது. சத்தமும் வழுக்கிக்கொண்டு போகிறது. கீக்கி என்றால் நாக்கின் பின்பக்கம் அண்ணத்தை அடைத்து, படக்கென்று விடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற கூரையும் காதில் விழுகிற வெட்டையும் மூளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்கிறார் ராமச்சந்திரன். அந்த முடிச்சு எப்படி விழுகிறது என்பதில் அறிவியலாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

நம் இலக்கணக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். தொல்காப்பியத்திலேயே வல்லெழுத்து, மெல்லெழுத்து, இடையெழுத்து என்று பிரித்து வைத்துவிட்டார்கள். சத்தத்துக்கு ஏது வலிமை, ஏது மென்மை? தொட்டா பார்த்தார்கள்? ஆனாலும் க, ச, ட, த, ப, ற என்று படித்தவுடன் ‘ஆமாம், வன்மைதான்’ என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றிவிடுகிறது.

ஊர்ப் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். அ-லங்-கா-நல்-லூர். இதில் இருப்பது ஒரே ஒரு வல்லினம், ‘கா’. அதுவும் ‘ங்’குக்குப் பின்னால் வருவதால் ‘காகம்’ என்பதில் வருகிற ‘கா’ மாதிரி இடிக்காமல் குழைந்துபோகிறது. மிச்சம் முழுக்க ல, ங், ந, ல், ல, ர். அடுத்து ‘வாடிவாசல்’. எழுத்தில் ‘டி’யும் ‘ச’வும் வல்லினம். வாயில் அப்படியா இருக்கிறது? இரண்டு உயிர்ச் சத்தத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ‘டி’யை நாக்கு லேசாகத் தொட்டுவிட்டு ஓடுகிறது. ‘ச’ காற்றாகப் போகிறது. இதோடு ‘வா’ இரண்டு தடவை வருகிறது. வாடி, வாசல் என்று மோனை சேர்ந்தால் நாக்குக்கு அது பழகிய தடம். காளைகள் நிற்கிற அடைப்பு வாடி, அதன் வாசல் வாடிவாசல். அவ்வளவுதான் பொருள். சி.சு. செல்லப்பா இதே சொல்லைத் தம் கதைக்குத் தலைப்பாக வைத்த பிறகு, மாடு பிடிக்காத ஊர்களிலும் இதைச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

இரட்டைக்கிளவியை மறந்துவிட்டுப் போனால் தமிழ் வாத்தியார் திட்டுவார். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் சலசலக்கும், காளை கழுத்துச் சலங்கை கலகலக்கும், கோபம் வந்தால் பல்லை நறநறவென்று கடிப்போம். ஜப்பானிய மொழியிலும் இந்த மாதிரிச் சொற்கள் ஏராளம். ஜப்பானிய மொழியே தெரியாத நெதர்லாந்துக்காரர்களுக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். சரியான பொருளோடு சொன்னபோது நன்றாக நினைவில் நின்றது. வேண்டுமென்றே எதிர்ப் பொருளோடு சொன்னபோது தடுமாறினார்கள். சத்தமே பொருளைக் காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்தச் சிறுமி வெற்றிப் பார்வை பார்த்தாள். "நாந்தான் சொன்னேன்ல, வாய்க்கு நல்லாருக்கும்னு."

அப்போதுதான் பரோட்டாப் பையன் வாயைத் திறந்தான். "மாமா, அப்ப சளி?"

எல்லோரும் "ச்சீ" என்றார்கள். அவன் விடவில்லை. "கிளி நல்லாருக்குல்ல? துளி, ஒளி, களி எல்லாம் நல்லாருக்கு. சளியிலயும் அதே ‘ளி’தான இருக்கு?"

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. இதே சோதனையை அமெரிக்காவில் பால் திபடோ என்ற உளவியலாளர் செய்து 2016-ல் வெளியிட்டார். ஆங்கிலத்தில் ‘மாய்ஸ்ட்’ என்று ஒரு சொல். லேசாக ஈரமானது என்று பொருள். கேட்டாலே உடம்பு கூசுகிறது என்று பலர் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், ‘அந்தச் சத்தமே பிடிக்கவில்லை’ என்பார்கள். திபடோ என்ன செய்தார்? அதே மாதிரி ஒலிக்கிற ‘ஹாய்ஸ்ட்’ போன்ற வேறு சொற்களையும் நடுநடுவே கலந்து கொடுத்தார். அவற்றை அவர்கள் அப்படி வெறுக்கவில்லை. மாய்ஸ்ட்டை வெறுத்தவர்களுக்குப் பிடிக்காமல் போன மற்ற சொற்கள் எவை தெரியுமா? வாந்தி. அப்புறம், பரோட்டாப் பையா, உன்னுடைய அதே சளி! வெறுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. காரணம் சத்தம்தான் என்று உண்மையாகவே நம்பினார்கள். மனசு தனக்குத் தானே காரணம் கற்பித்துக்கொள்ளும்போது, தவறான காரணத்தையும் இப்படி நம்பிக்கையோடு சொல்லும்.

அப்படியானால் ‘அம்மா’? 2004-ல் பிரிட்டிஷ் கவுன்சில் என்ற அமைப்பு, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத 102 நாடுகளில் 40,000 பேரிடம் ‘ஆங்கிலத்தில் அழகான சொல் எது?’ என்று கேட்டது. முதலிடம் ‘மதர்’. அந்தப் பொடியனைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது என்ன சொல்வீர்கள்? பல மொழிகளில் தாயைக் குறிக்கும் சொல்லில் ‘ம’ வருகிறது. ரோமான் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் இதற்கு ஒரு காரணம் சொன்னார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும், மூக்கு வழியாக ‘ம்ம்’ என்று முனகும். பசி எடுத்தாலும் அதே ‘ம்ம்’. பக்கத்தில் இருப்பது தாய். சத்தம் அவள்மேல் ஒட்டிக்கொண்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜார்ஜியா நாட்டு மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா! அம்மா அங்கே ‘தேதா’. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு தேதா கரடுமுரடாகவா ஒலிக்கும்? நமக்கு மாமா என்றால் யார் என்று உங்களுக்கே தெரியும், அன்று தோகைக் குவியலுக்குப் பக்கத்தில் நான் அதுவாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சிறுமியின் முகம் கொஞ்சம் வாடியது. அப்போது ஒலிபெருக்கியில் யாரோ "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார்கள். திருவிழாவுக்கு அல்ல, பக்கத்துத் தெருவில் ஏதோ விசேஷம். ஆனால் எனக்கு அடுத்த சோதனை நினைவுக்கு வந்துவிட்டது.

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். அன்றைக்குக் காலையில் முனியாண்டி கோயில் காளையை அவிழ்த்துவிட்டதிலிருந்து சாயங்காலம் வரை மைக் ஓயாது. "மாடு வருது, மாடு வருது, தொட்டுப்பாரு, திமிலப் பிடி, பிடிமாடு, பிடிமாடு!" அப்பா தோளில் உட்கார்ந்திருக்கிற இரண்டு வயசிலிருந்து இதைக் கேட்கிறார்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பதாலேயே ஒரு சொல் பிடித்துப்போகுமா?

போகும். ராபர்ட் சயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் இதைச் சொன்னார். அடுத்து அவரும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு வேடிக்கை செய்தார்கள். மிச்சிகன் மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழக மாணவர் பத்திரிகைகளில் விளம்பரம் வருகிற மாதிரி ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஒரே ஒரு சொல், ‘கதிர்கா’. இன்னொரு நாள் ‘நன்சோமா’. விளக்கம் கிடையாது, யார் போட்டது என்றும் கிடையாது. சில சொற்கள் ஒரே நாளோடு போய்விட்டன, சில சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு பல்கலைக்கழகத்தில் அடிக்கடி வந்த சொல், மற்றதில் அபூர்வமாக வந்தது. கடைசியில் மாணவர்களிடம் ‘இந்தச் சொல் நல்லதைக் குறிக்குமா, கெட்டதைக் குறிக்குமா?’ என்று கேட்டார்கள். அடிக்கடி கண்ணில் பட்ட சொல்லையே ‘நல்லது’ என்றார்கள். பொருள் தெரியாமலே பாசம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சி விளம்பரங்கள் எதற்காக ஒரே பேரை இத்தனை தடவை சொல்கின்றன என்று இனி என்னைக் கேட்காதீர்கள்.

ஆனால் இதில் ஒரு தகராறு. ‘மாடு’ என்ற சொல்லை நிறுத்தாமல் நாற்பது தடவை சொல்லுங்கள். மாடு மாடு மாடுமாடுமாடு... நாங்கள் சொன்னோம். இருபதாவது தடவைக்குள் அது ‘டுமா டுமா’ ஆகிவிட்டது. முப்பதில் மாடு காணாமல் போய், வெறும் சத்தம் மட்டும் வாயில் கிடந்து உருண்டது. நிஜ மாடு எதிரே நின்று மண்ணைக் குத்திக்கொண்டிருக்கும்போதே இப்படி! கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லியான் ஜேக்கபோவிட்ஸ் என்பவர் இதை 1962-ல் ஆராய்ந்து பட்டம் வாங்கினார். ஒரே சொல் மூளையை இடைவிடாமல் தட்டினால், பொருளை எழுப்பிக் கொடுக்கிற பகுதி சலித்து வேலையைக் குறைத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் விட்டால் மாடு திரும்பி வந்துவிடும், பயப்படாதீர்கள். சர்க்கரைப் பொங்கலை வருஷத்துக்கு நாலு நாள் சாப்பிட்டால் ஆசை வளரும், ஒரே உட்காரலில் நாலு பானை சாப்பிட்டால் என்ன ஆகும்? அந்த வித்தியாசம்தான்.

"சரி மாமா, இந்தப் பேரு?" என்றாள் சிறுமி. செவலையை விட்டு அவள் நகர்வதாக இல்லை.

பேர் என்பது தனி ரகம். பெல்ஜியத்தில் யோசஃப் நுட்டின் என்பவருக்குக் காரின் நம்பர் பிளேட்டைப் பார்க்கும்போதெல்லாம் சில எழுத்துகள் மட்டும் பிடித்தன. அவை எல்லாம் தம் பேரில் இருக்கிற எழுத்துகள் என்று பிறகுதான் உறைத்தது. பல பேரிடம் சோதித்து 1985-ல் எழுதினார். தங்கள் பேரின் எழுத்தென்று தெரியாமலே ஆட்கள் அவற்றை விரும்பினார்கள். நண்பர்களிடம் ‘பிடித்த ஐந்து எழுத்து சொல்லு’ என்று கேட்டு நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

மாட்டுக்குப் பேர் வைப்பதைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 516 பால் பண்ணைக்காரர்களிடம் விசாரித்தார்கள். பசுக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பண்ணைகளில், ஒரு கறவைக் காலத்துக்கு ஒரு பசு 258 லிட்டர் பால் கூடுதலாகக் கொடுத்ததாம். 2009-ல் இதற்கு ‘இக் நோபல்’ என்ற பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்கான பரிசு அது. இனி யோசிக்கிற பகுதி: பேர் பால் சுரக்க வைத்ததா? பேர் வைக்கிறவர் தடவிக் கொடுப்பார், நோய் வந்தால் உடனே பார்ப்பார், நேரத்துக்குத் தண்ணீர் காட்டுவார். பால் அதனால்கூடக் கூடியிருக்கலாம். இரண்டு விஷயம் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதைச் செய்தது என்று ஆகிவிடாது.

"எங்க செவலைக்கு அதும் பேரு தெரியும்" என்றாள் அவள். இதற்குமேல் என்ன பேச்சு? எழுந்து தொழுவத்துக்குப் போனோம். காளையை அதற்குள் பிடித்துக் கட்டியிருந்தார்கள். முதுகு நமக்கு, முகம் தொட்டிக்கு. நான் "செவல" என்றேன். தொட்டியிலிருந்து முகம் எழவில்லை. அவள் ராகம் போட்டு இழுத்தாள்: "செவலே..." காளையின் இடது காது சட்டென்று பின்பக்கம் திரும்பியது.

"பாத்தீங்களா!"

"இரு" என்றான் பரோட்டாப் பையன். "அதே ராகத்துல ‘கவல’ன்னு கூப்பிடு."

அவளுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் கூப்பிட்டாள். "கவலே..." காது அதே மாதிரி திரும்பியது. தலையையும் கொஞ்சம் தூக்கியது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். அமெரிக்காவில் பாட்ரீஷியா மெக்கானல் என்பவர், பல மொழி பேசுகிறவர்கள் நாய்க்கும் குதிரைக்கும் என்ன குரல் கொடுக்கிறார்கள் என்று பதிவு செய்தார். வார்த்தை ஒவ்வொரு மொழியிலும் வேறு. ஆனால் விரட்டுவதற்குச் சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப, நிறுத்துவதற்கு ஒரே இழுப்பாக என்பதில் எல்லோரும் ஒன்று. நம் வண்டிக்காரர்களும் ஓட்டும்போது "ஹை, ஹை, ஹை", நிறுத்தும்போது "ஓஓஓவ்" என்பார்கள். செவலையும் எழுத்தைக் கேட்காமல் ராகத்தையும் குரலையும் கேட்டிருக்கலாம்.

"இருக்கலாம்னா? அப்ப உறுதி இல்லயா?" என்றாள்.

"ஒரு தடவ பாத்ததை வச்சு உறுதியாச் சொல்லக் கூடாது."

கொஞ்ச நேரம் காளையின் திமிலைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு பரோட்டாப் பையனைக் கூப்பிட்டு, விரலை மடக்கி மடக்கி வேலை சொன்னாள். "நாளைக்குக் காலைல பருத்திக்கொட்ட வைக்கிறதுக்கு முன்னாடி வா. பத்து தடவ ‘செவல’, பத்து தடவ ‘கவல’. மாத்தி மாத்தி. நான் ஒளிஞ்சுக்கிறேன், எங்கண்ணன் கூப்பிடட்டும். நீ காத மட்டும் பாத்து நோட்டுல எழுதணும். ஏமாத்தக் கூடாது."